கசற்றில் இல்லாத சரணம்

"கசற்றைத் தொடப்படாது, பிள்ளை. காதாலை மட்டும் கேள்."

ஒலிபெருக்கி நாகலிங்கம் சொல்லிவிட்டுப் பழைய றெக்கோடரின் பொத்தானை அமத்தினார். ஆரணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

ஊர்க் கீதம் கரகரத்துக்கொண்டு எழும்பியது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் குரல்; நாற்பத்தைந்து வருசத்துக்கு முன் பதிந்தது. ஊரில் ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி எது நடந்தாலும் கிழவர் போடுவது இதே கசற்தான். முதலாம் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. 'டக்' என்றொரு சத்தம். உடனே கடைசி வாழ்த்து வந்துவிட்டது.

"இந்த 'டக்' என்னது, ஐயா?"

"சண்டைக்கை இடம்பெயர்ந்து சாவகச்சேரி வரைக்கும் சாக்குக்குள்ளை போய் வந்த கசற். டக் எண்டாமல் பின்னை வீணையே வாசிக்கும்?"

"இதுக்கை மூண்டாம் சரணம் ஒண்டு இருந்ததோ?"

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னை ஆர் அனுப்பினது? ஊர்ச் சங்கத் தலைவர் இராசநாயகமோ?"

அவருக்கு ஒருவரிலும் நம்பிக்கை கிடையாது. கலியாண அழைப்பிதழ் கொடுக்க வருகிறவனைக்கூட வாசல் படலையில் நிறுத்திவைத்து நாலு கேள்வி கேட்பார்.

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான். கனடாவிலை இருக்கிற எங்கடை ஊர்க் கோகுலன் ஒரு செய்தி போட்டவன். உலகத்திலை பழைய தேசிய கீதங்களையே இப்ப கிண்டிப் பாக்கினமாம், இனத்தை, நிறத்தைப் பழிக்கிற வரியள் கிடக்கோ எண்டு. ஆண்டு மலரிலை அச்சடிக்க முதல் எங்கடை கீதத்தையும் ஒருக்காப் பாருங்கோ எண்டவன். அதைச் சங்கக் கூட்டத்திலை வாசிச்சவை."

"தேசிய கீதத்திலையுமோ?" கிழவரின் கண் விரிந்தது. "கிடக்காமோ?"

"சிலதிலை கிடக்காம். அந்தச் சரணங்களை இப்ப ஒருத்தரும் பாடுறேல்லையாம்."

"இனிப் பாடுவாங்களே? முதல் சரணத்திலை மலையையும் ஆத்தையும் புகழுவாங்கள். தங்கடை குணத்தைப் பின்னுக்குத்தான் வைப்பாங்கள். நான் மூண்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கே விளங்குது. சரி, கூட்டத்திலை என்ன நடந்தது?"

"எல்லாரும் சிரிச்சவை. நான் எழும்பி, 'இருந்தது. கிழக்கு ஒழுங்கையிலை குடியிருக்கிற எங்கடை சனத்தை இழிவாச் சொல்லுற சரணம். என்ரை அம்மா சொன்னவ' எண்டனான். பழைய ஆக்கள் எல்லாம் கூரையைப் பாத்தவை. தலைவர் கொதிச்சுப்போனார். நாளைக்குக் கூட்டத்திலை ஆதாரம் காட்டவேணுமாம். இல்லாட்டி, அம்மா சொன்னது பொய் எண்டு எழுதி, எல்லாருக்கும் முன்னாலை நானே வாசிக்கவேணுமாம்."

"கொம்மா பொய்க்காரியெண்டோ?"

"ஓம். அவ செத்து இன்னும் ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசமும் முடியேல்லை. எழும்பி வந்து மறுத்துக் கதைக்கமாட்டா எண்ட துணிவு அவருக்கு."

கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தச் சரணம் உனக்குத் தெரியுமோ?"

"ரெண்டு வரி தெரியும். 'ஒழுங்கைக் கீழோர் ஒதுங்கியே நிற்க, உயர்ந்தோர் உலவும் ஊர் எங்கள் ஊரே.' கடைசிக் காய்ச்சலிலை அம்மா திரும்பத் திரும்பப் பிதற்றினவ. என்னெண்டு கேட்டாப்பிறகுதான் சொன்னவ."

"ராகத்தோடையோ?"

"ஓம். ஏன் கேக்கிறியள்?"

கிழவர் மூலையில் கவிழ்ந்து கிடந்த ஒலிபெருக்கிக் குழலை நகர்த்தி, அதன் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே, துணியில் சுற்றிய இன்னொரு கசற்.

"இடம்பெயர்வுமில்லை, ஒரு மண்ணுமில்லை. வெட்டினது நான்தான், கத்தரிக்கோலாலை. வெட்டின துண்டை இதுக்கை ஒட்டி வைச்சிருக்கிறன். மெசின் திண்டுபோட்டுது எண்டு சொன்னனான். ஒருத்தரும் தேடேல்லை."

றெக்கோடர் சுற்றியது. இம்முறை கூட்டுக் குரல் இல்லை. ஒரு சிறுமி தனியே பாடினாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். சுருதி ஓரிடத்திலும் விலகவில்லை. 'ஒழுங்கைக் கீழோர்' என்ற இடத்தில் மட்டும் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு பாடி முடித்தது.

ஆரணி துள்ளி எழும்பினாள். "இதுதான் ஐயா! அம்மா சொன்னது சரி! ஆனால் பின்னை ஏன் எறியாமல் வைச்சிருந்தனீங்கள்?"

"பின்னுக்கு ஒரு காலத்திலை உப்பிடி ஒண்டு இருக்கவே இல்லை எண்டு சொல்லுவாங்கள் எண்டு தெரியும். எனக்கு உவங்களைத் தெரியாதே?"

"அப்ப நாளைக்குப் பெரிய குழலிலை போடுங்கோ. தலைவரின்ரை முகத்தை நான் பாக்கவேணும்."

"போடேலாது."

"ஏன்?"

"பாடின பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். குரல் நல்லதெண்டு கிழக்கு ஒழுங்கையிலையிருந்து அவளை மட்டும்தான் கூப்பிட்டவங்கள். கூப்பிட்டுப்போட்டு, இந்தச் சரணத்தை அவளைக்கொண்டே தனியப் பாடுவிச்சவங்கள். பதிஞ்ச அண்டு பின்னேரம் படலையிலை வந்து நிண்டு அழுதவள். 'அண்ணை, இதை வெட்டிவிடுங்கோ. நான் பாடினதை ஊரிலை ஒருத்தரும் கேக்கப்படாது' எண்டு."

ஆரணி யோசித்தாள். பாவம்தான். ஆனால் ஒரே ஒரு ஆதாரம் இதுதானே.

"அவவிட்டை நானே போய்க் கேக்கிறன், ஐயா. காலிலை விழுந்தெண்டாலும் ஓம் எண்டு சொல்லுவிப்பன். எங்கை இருக்கிறா?"

நாகலிங்கம் கசற்றைக் கழற்றினார். தொடாதே என்று சொன்னவர், அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"போடுறதோ விடுறதோ, இனி நீதான் பிள்ளை சொல்லவேணும். பாடினது கொம்மா."