பாதிப் பங்கு

நோரீன் தன் போனைத் துணி காயவைக்கிற மெஷின் மேல டொக்குனு வச்சா.

"இது திருட்டு பிங்கோ ஆப், லொரெய்ன். நீயே பாத்துச் சொல்லு."

லொரெய்னுக்கு அலுப்பா வந்துச்சு. இங்கிலாந்துக் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்ல, கூப்பிடற நம்பரைச் சீட்டுல அடிச்சுக் காசு ஜெயிக்கிற பிங்கோ ஹால் இருந்தவரைக்கும் மேடையில நின்னு நம்பர் கூப்பிட்டவ அவதான். ஹாலை மூடி கார்ப்பெட் கடை ஆக்கிட்டாங்க, இவ, காசு போட்டு அவங்கவங்களே துவைச்சுக்கற இந்தச் சலவைக்கடைக்கு வேலைக்கு வந்துட்டா. ஊர்ப் பொம்பளைங்க விட்டாத்தானே. அழுக்குத் துணியோட போனையும் தூக்கிட்டு வந்துடுவாங்க. இந்த ஆப் நல்லதா, அந்த ஆப் நேர்மையா, சொல்லு.

அவளும் பாத்துச் சொல்லுவா. உரிமம் இருக்கா, எத்தனை பேர் ஆடறாங்கன்னு காட்டுதா, இலவசம்னு தர்ற காசுக்குப் பின்னால என்ன கொக்கி இருக்கு. ஜெயிச்சா மட்டும் போதாது, ஜெயிச்ச காசை வெளிய எடுத்துப் பாருங்கம்பா. நல்லாத் தலையாட்டுவாங்க. ஆட்டிட்டு, கொக்கி இருக்கிற ஆப்பையே இறக்கிக்குவாங்க. ஏன்னா அதுலதான் பூனைக்குட்டி டான்ஸ் ஆடுது.

"என்னக்கா திருட்டு?"

நோரீன் பெஞ்சைக் காட்டினா. அங்க பெரில் முட்டியைத் தேய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து ரொட்டி வாங்க, மருந்து வாங்க, வீட்டைச் சூடாக்கற காஸ் மீட்டருக்குக் கார்டுல முன்பணம் ஏத்த, எல்லாத்துக்கும் அவளுக்காக ஓடுறது நோரீன்தான்.

"அவளுக்கும் எனக்கும் ஒரே ஆப். நான் ஆடினா வெறுங்கை. மேடம் மட்டும் வாராவாரம் ஜெயிக்கிறாங்க."

ஹால்ல கூட்டாளிங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. யார் ஜெயிச்சாலும் பாதிப்பாதி. ஹால் போயும் இவங்க அதை விடலை. வெள்ளிக்கிழமையானா பெரில் தவறாம பாதியை நீட்டிடுவா.

அதையும் வாங்கிக்கிட்டு இந்தக் கத்து கத்தறாளேன்னு, போர்வை மடிச்சிக்கிட்டிருந்தவங்க எல்லாம் நோரீனை ஒரு மாதிரி பாத்தாங்க.

அவ கண்டுக்கவே இல்லை. பெரில் மாதிரியே உதட்டைக் குவிச்சு, சன்னமா இழுத்துப் பேசிக் காட்டினா.

"'ஐயோ நோரீன், இந்த வாரமும் விழுந்துடுச்சுடீ. ஐயோ நோரீன், இந்தக் குளிர்லகூட என் காஸ் தீரவே மாட்டேங்குதுடீ, என்ன ராசியோ.' கேட்டியா? காஸ் மீட்டர்கூட இவ பக்கம்தான்."

"போதும்டீ"ன்னா பெரில். அவளுக்குச் சிரிப்பு வரலை.

நோரீன் ஒரே பிடி. ரெண்டு போனையும் பாத்து லொரெய்ன் தீர்ப்பு சொல்லணும். ஆப் ஆள் பாத்துப் போடுதுன்னா, இன்னியோட பாதியும் வேணாம், கூட்டும் வேணாம்.

ராசியான நாற்காலிக்காக ஹால்ல குடுமிப்பிடியே நடந்திருக்கு. அப்பக்கூட இந்த ரெண்டு பேரும் பிரிஞ்சதில்லை. கடைசியில ஒரு போன் பிரிச்சிடும்போல இருக்கேன்னு லொரெய்னுக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

பெரில்கிட்ட போனைக் கேட்டா. பெரில் பையை இறுக்கிக் கட்டிக்கிட்டா. முதல்ல சார்ஜ் இல்லைன்னா. அப்புறம் கண்ணாடி கொண்டுவரலைன்னா. போனைப் பாக்கறதுக்கு உங்க கண்ணாடி எனக்கு எதுக்குக்கான்னு லொரெய்ன் கேக்கவும், வேற வழியில்லாம நீட்டினா.

"நீ மட்டும் பாரு."

லொரெய்ன் ஆப்பைத் தொட்டா. ஒரே ஒரு வரி. நீங்கள் கேட்டபடி உங்கள் கணக்கு மூடப்பட்டது. தேதி, போன நவம்பர்.

இப்ப மார்ச். நாலு மாசமா ஒரு ஆட்டம்கூட ஆடலை. அப்ப இந்தப் பாதி எதோட பாதி?

நிமிர்ந்து பாத்தா. சொல்லிடாதேங்கிற மாதிரி பெரில் கண்ணு கெஞ்சுது.

லொரெய்னுக்குப் புரிஞ்சிடுச்சு. நோரீன் புருஷன் தவறிப்போனதும் அந்த நவம்பர்லதான். ஒத்தைப் பென்ஷன். கையில காசை வச்சா மூஞ்சியிலேயே விட்டெறியிற ஜாதி அவ. ஜெயிச்ச பாதின்னா வாங்கித்தானே ஆகணும்.

இத்தனை வருஷத்துல லொரெய்ன் ஒரு நம்பரைக்கூட மாத்திக் கூப்பிட்டதில்லை. அன்னிக்கு மாத்திக் கூப்பிட்டா.

"ஆப் நேர்மைதான். பெரிலக்கா ஒழுங்காத்தான் ஜெயிச்சிருக்காங்க. உங்க கைதான் சரியில்லை. நீங்க ஆடவே வேணாம், அழிச்சிடுங்க. அவங்க ஆடட்டும், பாதியை வாங்கிக்குங்க."

பெரிய ரகளை வரும்னு நினைச்சா. நோரீன் சரின்னு அங்கேயே அழிச்சிட்டா.

பெரில் நொண்டிக்கிட்டே படுக்கை விரிப்பை எடுக்கக் கடைசி மெஷினுக்குப் போனா. நோரீன் சட்டுனு கிட்ட வந்தா. குரலே மாறிப் போயிருந்துச்சு.

"மூடிட்டாளா?"

லொரெய்ன் முழிச்சா. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஹால்ல சீட்டுல ஒரு வரிசை நிறைஞ்சாலே அவ போடுற கத்துல கூரை மேல கடல்காக்காயெல்லாம் பறக்கும். அவளாவது சத்தமில்லாம ஜெயிக்கிறதாவது. தோத்துத் தோத்து, கடன் வாங்கி எனக்குக் குடுக்கிறாளோன்னு தூக்கமே இல்லை. நான் கேட்டா போனைக் காட்டமாட்டா. நீ நம்பர் கூப்பிட்டவ, உன்கிட்ட காட்டுவா. அதான் இந்தக் கூத்து."

"போன நவம்பர்லேயே மூடிட்டாங்கக்கா."

நோரீன் மூச்சை விட்டு மெஷின் மேலயே சாஞ்சிக்கிட்டா. "அப்ப சரி. அவ பென்ஷன் காசுதான்."

"தெரிஞ்சும் அதை ஏன்க்கா வாங்கறீங்க?"

"வேணாம்னா அந்த மூஞ்சி தொங்கிடுமே." நோரீன் கண்ணைத் துடைச்சிக்கிட்டா. "பின்ன, அவ கார்டை எடுத்துட்டுப் போறது நான்தானே. இந்தக் குளிர்ல அவ வீட்டு காஸ் தீராம எரியுதே, அது ராசியிலேன்னா நினைச்சே?"