அக்காவுக்கு எடுத்துவைத்தது

ஷட்டர் ஒரு சாண் ஏறிச் சிக்கிக்கொண்டது.

அவள் காலால் உதைத்துப் பார்த்தாள். ஏறவில்லை. பின்னால் நின்ற அக்கா வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொண்டாள்.

நீலாம்பூர் பைபாஸை ஒட்டிய குடோன். நீளமான நடை, இருபுறமும் தகரக் கதவுகள். வீட்டில் இடம் போதாதவர்கள் சாமான்களைப் போட்டுவைக்க மாத வாடகைக்கு விடும் அறைகள்.

வெளியே குட்டியானை வண்டி நின்றது. ஏறி வந்த ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டிவந்தவர்கள்.

தேக்குக் கட்டிலைத் தூக்க.

அம்மாவின் கட்டில். கூடவே, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. அப்பா ஆசாரியைப் பொள்ளாச்சி வீட்டுக்கே வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைத்தவை.

"பெரியவளுக்குத்தான் சேரோணும்னு அம்மாவே சொல்லீருக்குது" என்றாள் சாந்தாமணி அக்கா. காரில் வரும்போதும் இதைத்தான் சொன்னாள்.

"எல்லாம் உனக்குத்தான்க்கா."

அம்மாவின் காரியம் முடிந்த நாளிலிருந்து இந்த வார்த்தையை அவள் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அவள் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தாள். வடவள்ளியில் அக்காவுக்கு மாடி வீடு. மகன் அமெரிக்கா போனபின் அவன் அறை பூட்டியே கிடந்தது.

"எங்கூட்ல ஏது கண்ணு இடம்?"

அவ்வளவுதான் சொன்னாள் அக்கா.

சிங்காநல்லூரில் இவளுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. அம்மாவோடு வந்த தேக்குச் சாமான்கள் வாசலைத் தாண்டவில்லை. அவற்றுக்காகத்தான் இந்த அறையைப் பிடித்தாள். அம்மாவுக்கு ஹாலில் இரும்புக் கட்டில் போட்டாள். சோபாவை விற்றாள். கட்டிலுக்குக் கீழே, தரையில், அம்மாவின் மூச்சு கேட்கும் தூரத்தில் படுத்தாள்.

அக்கா வீடியோ காலில் வருவாள். முகத்தை மட்டும் காட்டச் சொல்வாள்.

"நல்லாத்தானே இருக்குது" என்பாள்.

அம்மா செத்த அன்றுதான் அக்கா நேரில் வந்தாள். அதற்குள் அம்மா கீழே, கார் நிறுத்தும் இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

ஆட்கள் வந்து தோள்கொடுத்ததும் ஷட்டர் ஏறியது.

முதலில் வாடை வந்தது. டெட்டால். பவுடர். அவற்றுக்கு அடியில் மூத்திரம்.

உள்ளே அந்த இரும்புக் கட்டில். ரெக்சின் மெத்தை. ஒரு சக்கர நாற்காலி. கழுவிக் கவிழ்த்த பெட்பேன். பிரிக்காத டயப்பர் பொட்டலம்.

வேறொன்றும் இல்லை.

"தேக்குக் கட்டில் எங்க?"

"மரகதத்துக்குக் குடுத்துட்டேன். அலமாரியும்தான். நான் வேலைக்குப் போனப்ப அம்மாவுக்குப் பீமூத்திரம் அள்ளுனவ அவ. அவ புள்ள கல்யாணத்துக்குச் சீராப் போயிருச்சு."

"அப்ப இதெல்லாம்?"

"இது உனக்கு. கடேசி வரைக்கும் அம்மா கெடந்தது இதுலதான். ஏத்திட்டுப் போக்கா. எங்கூட்ல இடமில்ல."

ஆட்களில் ஒருவன் இருமினான். இன்னொருவன் தரையைப் பார்த்தான்.

அக்காவின் கழுத்து சிவந்தது. சிவப்பு மெல்ல ஏறிக் காது வரை போவதை அவள் விடாமல் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது. இதற்காகத்தான் ஆள் இல்லாத கட்டிலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தாள். இனி அக்கா கத்துவாள். சாபம் விடுவாள். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

அக்கா கத்தவில்லை.

செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள். கட்டிலின் ஒரு முனைக் கம்பியைத் தொட்டாள். மறுமுனைக்குப் போய் அதையும் தொட்டாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"அம்மா எந்தப் பக்கம் தல வெச்சுப் படுத்திருந்துச்சு?"

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

சுவரோரம். சொல்ல வாய் திறந்தாள்.

பிறகு கையை நீட்டி மறுமுனையைக் காட்டினாள். கால்மாட்டை.

அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டாள். அம்மாவின் குதிகால்கள் உரசி உரசி ரெக்சின் வெளுத்திருந்த இடத்தில் கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் திருத்தவில்லை.

கட்டிலைத் தூக்க உள்ளே வந்த ஆட்களைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"செத்த நேரம் இருங்க" என்றாள்.