வெள்ளிக்கிழமைக் கேள்வி

ஏழாம் வகுப்பு நிலோஃபரின் அபாரமான கணக்கு மூளையை முதலில் கண்டுகொண்டவர் ரெஜினா டீச்சர்தான். அலையாய் அலைந்து அவளை அரசின் மேதைகள் பட்டியலில் சேர்த்தார். அன்றிலிருந்து வெள்ளிதோறும் தலைமையாசிரியர் அறையில் அவள் நெற்றியில் பொய் கண்டறியும் பட்டையைக் கட்டி ஒரே கேள்வி கேட்டார்கள்.

"இந்த ஆசிரியரிடம் கற்க இன்னும் ஏதாவது உண்டா?"

ரெஜினா விடுமுறையெல்லாம் விழுந்து விழுந்து படித்து ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்.

ஏழாம் மாதம் ஒரு வெள்ளியன்று நிலோஃபர், "நிறைய இருக்கு சார்," என்றாள். பட்டை சிவந்தது. 'பொய்' என்றது அதோடு இணைந்த திரை. தலைமையாசிரியர் அப்போதே ரெஜினாவிடம் பணிநீக்க உத்தரவை நீட்டினார்.

"நான் இருக்குன்னுதானே சொன்னேன் டீச்சர்!" நிலோஃபர் தேம்பினாள். ரெஜினா அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினார்.

திங்களன்று புது டீச்சர் பாடத்தைத் தொடங்கியதும் நிலோஃபர் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். நான் கத்துக்கிட்டா உங்களையும் அனுப்பிடுவாங்க."