யார் வீட்டுத் தண்ணீர்?

“பாத்தியா பாப்பா! எங்க வூட்டுத் தண்ணில ஒரு கிருமி இல்ல. கோடு அசைய மாட்டேங்குது பாரு!”

உண்ணாமலை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சமுதாயக் கூடத்தில் கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். கவியாவுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் அரியலூர்ப் பெண், ஆராய்ச்சி மாணவி. மேசை மேல் இருக்கும் கருவி அவளே உருவாக்கியது. அதற்குள் பொட்டு அளவு படிகச் சில்லு ஒன்று, காதுக்குக் கேட்காத சத்தத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் கிருமி இருந்தால் அந்தச் சில்லில் வந்து ஒட்டும். பாரம் ஏறியதும் அதிர்வு மந்தமாகும், திரையில் ஓடும் கோடு சரிந்துவிடும்.

“தவுல் தோல்ல மாவ அப்பினா சத்தம் எறங்கிடும்ல? அந்த மாதிரிதாங்க்கா. நாளைக்கு வீட்டுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டு வாங்க, கிருமி இருந்தா காட்டிக் குடுத்துடும்” என்று நேற்றே வாலிகண்டபுரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

காட்டிக் கொடுக்கும் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ராவோடு ராவாகக் குடம், செம்பு எல்லாம் புளி போட்டு விளக்கப்பட்டன. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற வைத்துக் கொண்டுவந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மருதாயி, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடரும் போட்டிருந்தாள். ஒவ்வொரு செம்பாக வைத்துப் பார்த்தாயிற்று. கோடு தேர்வடம் போல நேராகக் கிடந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த ராசாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆராய்ச்சிக்கு நிதி தரும் நிறுவனத்தின் ஆள்.

“என்னம்மா, மெஷினுக்கு உசுரு இருக்கா?”

“நல்லா வேலை செய்யுது சார். எல்லாமே காய்ச்சின தண்ணி, அதான்...”

“நீ வளத்த கிருமிய உன் லேபுல நீயே புடிச்சுக் காட்டிட்ட. அதெல்லாம் போதாது. ஜனங்க குடிக்கிற தண்ணில புடிச்சாத்தான் நான் மேல எழுத முடியும். இல்லேன்னா இன்னையோட திட்டத்த மூட வேண்டியதுதான்.”

கவியா பெண்கள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா, யார் வீட்டுலயாவது காய்ச்சாத பழைய தண்ணி இருந்தா குடுங்களேன். என் பொழப்பே அதுலதான் இருக்கு.”

“பழைய தண்ணியா, எங்க வூட்டுலயா?” என்று மோவாயில் கைவைத்தாள் உண்ணாமலை. “சம்பந்தி வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா என்னாத்துக்கு ஆவுறது?”

மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மானம் போகிற காரியத்துக்கு யார் வருவார்கள்?

மருதாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. கவியாவின் காதோரம் குனிந்தாள்.

“மொகத்தத் தொங்கப் போடாத பாப்பா. நான் ஒரு தண்ணி கொண்டாரேன். ஆனா யாரோடதுன்னு இப்ப கேக்கப்படாது.”

வெளியே போனவள், போன சுருக்கில் ஒரு செம்போடு திரும்பி வந்தாள். ராசாங்கம் சந்தேகமாகப் பார்த்தார்.

“இது வாய்க்கால் தண்ணி இல்லையே?”

“ஐயோ, இல்லீங்க சார். குடிக்கிற தண்ணிதான். காலையில கூட மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க, என் கண்ணால பாத்தேன்.”

கவியா சில்லின் மேல் இரண்டு சொட்டு விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோடு மெல்லத் தலைகுனிந்தது. அப்புறம் சரசரவென்று இறங்கியது.

“விழுது சார்! விழுது பாருங்க!”

கவியாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ராசாங்கம் எழுந்தே நின்றுவிட்டார்.

“அடேங்கப்பா! இவ்வளவு கிருமியா? மீதித் தண்ணிய லேபுலயும் பாக்கச் சொல்றேன். அங்கயும் இதே வந்துட்டா உன் திட்டத்த யாரும் அசைக்க முடியாதும்மா.”

“நம்ம ஊருல இப்படியும் ஒரு வூடா? கருமம்!” என்றாள் உண்ணாமலை. பெண்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

சந்தோஷத்தில் கவியாவுக்குப் பேச்சும் வந்துவிட்டது. “யாருன்னு நான் கேக்கல. ஆனா தண்ணி வைக்கிற பாத்திரத்தக் கழுவி எத்தன நாளாச்சோ! கொஞ்சங்கூட சுத்தம் தெரியாதவங்க. இப்படியா இருப்பாங்க?”

“நல்லாச் சொல்லு பாப்பா, ஒறைக்கிற மாதிரி சொல்லு” என்றாள் மருதாயி.

ராசாங்கத்தின் கார் புறப்பட்டது. கூட்டமும் கலைந்தது. கவியா வாசல் திண்டில் வைத்திருந்த தன் பையை எடுத்து, உள்ளேயிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது.

“அக்கா, அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க வயிறு என்னாத்துக்கு ஆவும்? இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள்.

மருதாயி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

“அதத்தான் பாப்பா சொல்ல வரேன். ஊரே வெளக்கிக் கழுவி வச்சிருக்கு, அழுக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்? ஒன் பையத் தொறந்து இந்த பாட்டில்லேருந்துதான் ஊத்திக்கிட்டு வந்தேன்!”