வஜ்தி எண்ணுகிறான்

"வஜ்தியைக் குரூப்பிலிருந்து தூக்கு. இல்லேன்னா நான் போறேன்."

கதவு திறந்ததும் மெர்வத் சொன்ன முதல் பேச்சு இதுதான். கெய்ரோவிலிருந்து அலெக்ஸாண்டிரியாவுக்கு ரயிலேறி வந்தவள் ஒரு ஸலாம் கூடச் சொல்லவில்லை.

"உள்ளே வாடி. இத்தனை வருஷம் கழிச்சு வர்றே, சண்டையை உக்காந்து போடலாம்" என்றாள் சுஹைர்.

வணிகக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களுக்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு குரூப். அதை நடத்துவது சுஹைர். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது எல்லாம் அவள் கையில். யார் படம் போட்டாலும் அவளுடைய கிண்டல் வந்து விழாமல் இருக்காது.

"என்னடி இப்படி இருட்டா வச்சிருக்கே?" மெர்வத்தே விளக்கைப் போட்டாள்.

"கரண்ட் பில்லை நீயா கட்டறே?"

சுஹைர் தம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு தேநீர் ஊற்றினாள். மெர்வத் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை.

"எம்பொண்ணு யாராவோட நிச்சயதார்த்தப் படம் போட்டேன். எல்லாரும் வாழ்த்துனாங்க. இந்த வஜ்தி என்ன எழுதினான்? முதல்ல ஒரு மாஷா அல்லாஹ். அப்புறம், பொண்ணோட வலது கையில மோதிரம், இடது கையில நாலு வளையல், கழுத்துல மூணு சரம், கேக் அஞ்சு அடுக்கு... நகைக்கடைக்காரன் மாதிரி எண்ணியிருக்கான். ஏன், நாங்க எல்லாம் குருடா? அடுத்த வாரமே எம்பொண்ணு படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா."

"ஹீல்ஸ் போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. அதுக்கென்ன? கண்ணு படாம விழுவாளா?"

"சரி, சொல்லு."

"நம்ம ஹம்தி போட்ட விருந்துப் படத்துல சுட்ட மீனை எண்ணினான். மறுநாளே அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ் போச்சு. ஹம்தி பொண்டாட்டி பொறுக்க முடியாம, கண்ணேறு கழியட்டும்னு அஞ்சு விரலையும் விரிச்சு இவன் கண்ணுக்கு நேரா ஒரு படமே போட்டா. ரோஷம் இருந்தா நிறுத்தணுமில்ல? அதுக்குக் கீழேயும் எழுதறான், 'ஒரு உள்ளங்கை, மருதாணி போட்டது'ன்னு."

சுஹைர் தேநீர் புரையேறச் சிரித்தாள்.

"சிரிக்காதே. ஏண்டா இப்படிப் பண்றேன்னு எத்தனை பேர் கேட்டுட்டோம். 'மன்னிச்சுக்குங்க, பழக்கமாயிடுச்சு'ங்கறான். அடுத்த படம் வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடறான். பாதிப் பேர் என் பக்கம். இன்னிக்கு நீ அவனை நீக்கியாகணும்."

"நீக்கலாம். அவன் எழுதினதை முழுசாப் படிச்சியா?"

"கேக் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல வயிறு எரிஞ்சுது."

சுஹைர் மனப்பாடமாகச் சொன்னாள்: "கேக்குக்கு அந்தப் பக்கம், படத்தோட ஓரத்துல பொண்ணோட அம்மா நிக்கறா. ஒரு கையில பொண்ணோட பை, இன்னொரு கையில மாத்துச் செருப்பு. எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க. அவ மட்டும் பொண்ணைப் பாக்கறா. அழுதிருக்கா, ஆனா சிரிக்கறா."

மெர்வத் போனை எடுத்தாள். படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். விரலால் ஓரம்வரை நகர்த்தினாள்.

"நான் போட்ட படம். நான் இதுல இருக்கறதையே பாக்கல. இங்கே பாரேன், இந்த ஓரத்துல..."

போனை நீட்டினாள். வாங்க நீண்ட சுஹைரின் கை, போனுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைத் துழாவியது.

"சுஹைர்?"

"மூணு வருஷமாச்சுடி. சக்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோயிடுச்சு." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எழுத்தா இருந்தா போன் எனக்கு வாசிச்சுக் காட்டிடும். படம் வந்தா 'படம்'னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கும். நீங்க படம் போடறப்போ, இதுல என்ன இருக்குன்னு எழுதச் சொல்லி ஒரு பெட்டி வருமே? அதை ஒருத்தரும் நிரப்பறதில்ல."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? 'ஐயோ பாவம் சுஹைர்'னு ஆரம்பிச்சுடுவீங்க. அப்புறம் எங்கூட யாரு சண்டை போடுவீங்க?"

"வஜ்திகிட்ட மட்டும் சொன்னியாக்கும்?"

"அவன்கிட்டயும் சொல்லல. ஒருநாள் பழைய வகுப்புப் படத்தைப் போட்டு, 'இதுல சுஹைர் எங்கே?'ன்னான். 'நான் அதுல இல்லவே இல்ல'ன்னு எழுதிட்டேன். முதல் வரிசையில, நட்ட நடுவுல உக்காந்திருக்கறது நான்தானாம். நான் ஏதோ குறும்பு பண்றேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் சிரிக்கல. ஒண்ணும் கேக்கவும் இல்ல. மறுநாளிலிருந்து எல்லார் படத்துக்குக் கீழேயும் எழுத ஆரம்பிச்சுட்டான்."

மெர்வத் ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். வஜ்தியை நீக்கும் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவில்லை. கிளம்பும்போது, போட்ட விளக்கை மறக்காமல் அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை சுஹைரின் போன், மெர்வத் ஒரு படம் போட்டிருப்பதாகச் சொன்னது. அதோடு நின்றுவிடும் என்று சுஹைர் நினைத்தாள். போன் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனது:

"கட்டுப் போட்ட காலை மேசைமேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என் மகள் யாரா. வலது கையில் மோதிரம். முகத்தில் என்மேல் கோபம். மடியில் ஒரு தட்டு நிறைய பஸ்பூசா இனிப்பு. எத்தனை துண்டு என்று நான் எண்ணவில்லை. வஜ்தி எண்ணிச் சொல்லட்டும்."