புதுப் போர்டு

மனைவி நிசாந்தியின் தாடையை உடைத்த சுத்தியலாலேயே சாரங்கன் அவளுடைய போனையும் நொறுக்கினான். அவன் அடித்ததை அவள் அதில் வீடியோ எடுத்திருந்தாள். மறுநாள் அந்தப் போனோடு வரும்படி பொலிஸ் அவனுக்குச் சொல்லியிருந்தது.

பாலாவியில் போன் திருத்தும் ரிஃப்கா அதைத் திறந்து பார்த்தாள். "போர்டு உடைஞ்சிரிக்கி அண்ணே. புதுசு போட்டா வேலை செய்யும். ஆனா வீடியோ எல்லாம் பழைய போர்டுலதான், புதுசில ஒண்டும் இரிக்காது."

"அதுதானே வேணும் தங்கச்சி!"

"எதால அடிச்சீங்க?"

"சுத்தியலால. மனிசிக்கும் அதாலதான் குடுத்தனான்," என்று சிரித்தான்.

மறுநாள் அவன் நீட்டிய போனைச் சார்ஜன்ட் தொடவேயில்லை. இன்னொரு போனைக் காட்டினார். அதில் சாரங்கன் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான்.

"கழட்டின போர்டைக் கடையிலேயே விட்டிட்டு வந்தியே, மடையா! அந்தப் பிள்ளை அதைத் திருத்தி, இதில பூட்டிக் கொண்டந்து தந்தது. உன்ர மனிசிக்கு வாய்தான் அசையாது. லொக் நம்பரை அடிச்சுத் திறந்தது அவதான்."