நாலாவது கார்டு

"இதுவும் சரியில்ல சார். வேற போடுங்க" என்றார் சைஃபுல்லா.

குமரேசன் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது சவுண்ட் கார்டையும் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினான். போளூர் ரோட்டில் கடை போட்டு ஒன்பது வருஷமாகிறது. இப்படி ஒரு காதுக்காரரை அவன் பார்த்ததே இல்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றவர். ஒரு கையில் இரண்டு வயது மகள் சானியா, இன்னொரு கையில் பென் டிரைவ். மகளை மேஜைமேல் உட்காரவைத்து, கீழே கிடந்த காலி அட்டைப்பெட்டியை விளையாடக் கொடுத்துவிட்டு, "கடையிலயே நல்ல சவுண்ட் கார்டு எது சார்?" என்று கேட்டார்.

"ரெக்கார்டிங் பண்றீங்களா பாய்?"

"இல்ல சார், பீரோ பட்டறை வெச்சிருக்கேன். வேலூர்ல ஒரு எடத்துல கம்ப்யூட்டர்ல சத்தம் போட்டுக் காட்டினாங்க. அது மட்டமான கார்டு போல. அதான், நல்லதா ஒண்ணு வாங்கி நாமளே போட்டுப் பாத்துடலாம்னு."

பென் டிரைவில் ஒரு பாட்டுகூட இல்லை. மணிச் சத்தம், விசில், நாய் குரைப்பது, எவர்சில்வர் தட்டு விழுவது. விஷயம் தெரிந்த ஆள்தான் போலிருக்கிறது என்று குமரேசன் தன்னிடமிருந்த உசத்தியான ஹெட்போனை எடுத்து நீட்டினான்.

"இதுல கேளுங்க பாய். கார்டு நல்லதா, மட்டமான்னு இதுலதான் தெரியும்."

"வேணாம் சார். ஸ்பீக்கர்லயே போடுங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே வைங்க."

முதல் கார்டுக்குத் தலையாட்டி மறுத்தார். இரண்டாவதற்கும் அப்படியே. பேஸ் கம்மியா, இரைச்சலா என்று குமரேசன் என்னென்னவோ கேட்டுப் பார்த்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். சரியில்ல, அவ்ளோதான்."

இப்போது மூன்றாவதும் போயிற்று. கண்ணாடி அலமாரியைத் திறந்து நாலாவதை எடுத்தான். ரமணாசிரமம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரருக்காக வரவழைத்தது. இதையும் குறை சொன்னால் மனுஷனே இல்லை என்று நினைத்துக்கொண்டு மாட்டினான்.

தட்டு விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடை டெய்லர் எட்டிப் பார்த்தார். அவர் நிழல் மேஜைமேல் விழ, சானியா பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கினாள். சைஃபுல்லாவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"இதான் சார்! இதேதான்! இன்னொரு வாட்டி போடுங்க, உடனே போடுங்க!"

குமரேசன் சிரித்தபடி மறுபடி போட்டான். சைஃபுல்லாவின் உதட்டிலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மூன்றாம் தரம் போடச் சொன்னார். நாலாம் தரமும்.

"இல்ல சார். நான்தான் தப்பா நெனச்சிட்டேன். இதுவும் சரியில்ல."

குமரேசனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அதே கார்டு, அதே சத்தம். ஒரு நிமிஷத்துல எப்படி பாய் கெட்டுப்போவும்? நாலு கார்டும் நல்லாத்தான் இருக்குது. மொதல்ல காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

சைஃபுல்லா கோபப்படவில்லை. பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"காட்டிட்டோம் சார். நாலு கார்டும் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார். "இவதான் ஒண்ணுக்கும் திரும்பல."